பூஜ்யத்தில் நிமிர்ந்த ஆரணி

நாட்டின் முன்னேற்றத்தை முன்னிட்டும் மேலிடத்து உத்தரவை அனுசரித்தும், 1986-இல் ஆரணி நெசவாளர் சங்கம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. செயலாளர் சுப்பராயலு பூசணிக்காய் உடைத்து, அதற்கென்று தனியாக மின்விசிறி போட்டார். மனிதர்களுக்கு விசிறி கேட்ட மனு நிலுவையில் இருந்தது.

பூங்காவனத்துக்கு ஒரே ஆசை. சிறந்த நெசவாளர் சான்றிதழை வாங்கிக் கூடத்தில் மாட்டி, நாத்தனார் வாயை அடைக்க வேண்டும். ஊரில் யாரும் மாதம் ஐந்து புடவையைத் தாண்டியதில்லை. அவள் வீட்டையே தறியில் உட்கார வைத்துப் பத்து பட்டுப்புடவை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அறிக்கை அச்சாகி வந்தது. பூங்காவனம்: 0.

"இன்னாங்க இது? பத்து குட்த்தேனே!"

"புடவைக் கணக்குக்கு ஒரு எண்ணு நிக்கத்தாம்மா எடம்," என்றார் சுப்பராயலு. "பத்துல ஒண்ணு வெளிய பூடும். பூஜ்யம் நிக்கும்."

"கொஞ்சம் அகலமாக்குங்களேன்."

"பக்கத்து வரிசை கோணிக்கும். மெட்ராஸ்ல நேரா கீதான்னுதான் பாப்பாங்க."

"அப்ப அலமாரில கீற என் புடவைங்க?"

சுப்பராயலு நியாயஸ்தர். யோசித்துப் பார்த்து நடுங்கிப் போனார். "நீ குடுக்காத புடவை எங்கிட்ட இருந்தா நான் ஜெயிலுக்குப் போவணும்! ஜல்தியா எடுத்துகினு போம்மா."

அழுதுகொண்டே எடுத்துப் போனாள். வேலூரில் விற்றாள், அழுகை நின்றது. மறுவாரம், ஒன்றுமே நெய்யாத நலிந்த நெசவாளர் என்று இலவசப் பட்டுநூல் வேறு வீடு தேடி வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து, மாதத்துக்கு ஒருவர் பேரில் பத்துப் பத்தாகக் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சுப்பராயலுவின் சம்சாரமும் புதுப்பட்டில் கோயிலுக்குப் போனாள். அகலமாக்குங்கள் என்று அதன்பிறகு ஒரு குரல்கூட எழவில்லை.

அறிக்கையில் பூஜ்யங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. மெட்ராஸ் அதிகாரிகள் முதலில் அழகைப் பாராட்டினார்கள், பிறகுதான் படித்தார்கள். ஆரணிக்கு நெசவே தெரியாது என்று முடிவாயிற்று. உதவித்தொகையோடு ஒரு பயிற்சியாளரை அனுப்பி வைத்தார்கள்.

"இதுக்குப் பேர் தறி," என்று அவர் படத்தைக் காட்டினார்.

"அப்படீங்களா சார்?" என்றாள் முதல் வரிசையில் இருந்த பூங்காவனம். ஊரே வியந்து தலையாட்டியது.

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நெசவு கற்கத் தொடங்கத் தகுதி உடையவர்' என்று அச்சடித்திருந்தது. பூங்காவனம் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

நாத்தனார் வந்து பார்த்தாள், வாயே திறக்கவில்லை. பயிற்சியாளர் போட்ட முடிச்சு தப்பு என்று சொல்லி, அவள் ஃபெயிலாகியிருந்தாள்.