விடுதிக்காரம்மா காபி போட்டு முடிக்கிற வரைக்கும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு உட்காரவே முடியவில்லை என்பதால், அலமாரி மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். விசாரிக்க வேண்டியவர்களை எல்லாம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விளையாட்டு என் வீட்டைக் குட்டிச்சுவராக்கிவிட்டது.

கண்ணில் மாட்டிக்கொள்கிற அந்த ஹெட்செட் பத்திரமாக வந்து சேர்ந்தது. "மாமா, இது நான் ரெண்டு வருஷமா எழுதின துப்பறியும் கதை, வெளியிடறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க விளையாடிப் பாத்துட்டு மனசுல பட்டதைச் சொல்லணும்" என்று நீங்கள் ஃபோனில் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மறுநாளே என் மகள் உங்களுக்குத் தெரியாமல் பேசினாள். "அப்பா, கதை ரொம்ப மெதுவா போகுதுன்னு இவரோட மேனேஜர் சொல்றாரு. விளையாடிப் பாக்கறவங்களும் அதையே சொன்னா, திங்கட்கிழமை மீட்டிங்ல அந்த விடுதிக்காரம்மா வர்ற இடத்தையெல்லாம் வெட்டிட்டு துப்பாக்கிச் சண்டை வைக்கப் போறாங்களாம். அப்படி வெட்டினா வேலையையே விட்டுடுவேன்னு இவரு நிக்கறாரு. நீங்க நல்லதா நாலு வார்த்தை போட்டுடுங்கப்பா" என்றாள். மாப்பிள்ளை, உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டு. அதற்காகப் பொய் சொல்ல என்னால் ஆகாது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி விஷயத்தில் ஒரு நாளும் உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை, அது என் மச்சினன் ஓட்டி வந்த வண்டியாக இருந்தாலும் சரி. லேட் என்றால் லேட்தான். உங்கள் விளையாட்டு லேட்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஹெட்செட்டை மாட்டியதும் எங்கள் ஹால் மறைந்து ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறை வந்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. நான் ஒரு துப்பறியும் ஆள் என்று எழுத்து வந்தது. மேஜை மேல் ஃபோன் அடித்தது, எடுத்தேன். ஒரு மனுஷர் பேசினார். "என் மனைவி அந்த விடுதியிலதான் தங்கியிருந்தா சார், திடீர்னு காணோம், எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க, எனக்குச் சோறு தண்ணி இறங்கல" என்று அழாத குறை. எவ்வளவு மரியாதையான குரல் தெரியுமா, எனக்கு மனசே கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அறை வாசலில் ஒரு குடை சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது, வெளியே பார்த்தால் சுள்ளென்று வெயில். அடடே, விறுவிறுவென்று போகும்போல் இருக்கிறதே என்று ஆசையாக விடுதிக்காரம்மாவிடம் போய், காற்றில் மிதந்த கேள்விகளில் "அந்தப் பெண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்" என்பதைத் தொட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருங்க, முதல்ல ஒரு காபி போட்டுத் தரேன்" என்றாள்.

அந்தக் காபியைப் பற்றி என்னவென்று எழுதுவேன். தீப்பெட்டியைத் தேடினாள். கிடைத்த தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது, இன்னொன்றைத் தேடினாள். பாத்திரத்தைக் கழுவினாள், கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து இன்னொரு தடவை கழுவினாள். தண்ணீர் வைத்துவிட்டு மூடியைக் காணோம் என்றாள். மூடி அவள் கையிலேயே இருக்கிறது. "கையில பாரும்மா, கையில பாரு" என்று நான் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்துகிறேன், உங்கள் விளையாட்டுக்குக் காது இல்லை. நடுவில் பூனையைப் பற்றி ஆரம்பித்தாள், பூனைக்கு வயிறு சரியில்லையாம், முந்தின நாள் என்ன சாப்பிட்டது, அதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டது, எல்லாம் வந்தது. அங்கே ஒரு மனுஷன் பெண்டாட்டியைக் காணாமல் துடித்துக்கொண்டிருக்கிறான், இங்கே இவள் பூனையின் வயிற்றுப்போக்கைப் பற்றிக் கதை சொல்கிறாள். எங்கள் டிப்போவில் இப்படி ஒரு டிரைவர் இருந்திருந்தால் அவனை நான் ஸ்டியரிங் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

கடைசியில் "ஏன் நிக்கறீங்க, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள். நல்ல அகலமான மர நாற்காலி, மெத்தை வேறு போட்டிருந்தது. காத்திருந்து கால் கடுத்துப் போன மனுஷன், பெரியவர்கள் உட்காரச் சொன்னால் உட்காருவதுதானே மரியாதை, உட்கார்ந்தேன். நாற்காலி உங்கள் விடுதியில் இருந்தது, நான் என் வீட்டு ஹாலில் இருந்தேன். விழுந்த சத்தத்தில் ஷோகேஸில் இருந்த பீங்கான் யானை கீழே விழுந்து துதிக்கை போயிற்று. என் சம்சாரம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு தரையில உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அத்தனை வலியிலும் ஹெட்செட்டுக்குள்ளே அந்த அம்மாள் சாவகாசமாக, "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்கிறாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டுப் பல் டாக்டர் ஓடி வந்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், அவர் வந்த வேகத்தில் என் வாயைத் திறந்து பார்த்தார். பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிவிட்டு, "இது என்ன புதுசா இருக்கே" என்று ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். போனவர் போனவர்தான். விடுதிக்காரம்மா பேசப் பேச அவள் முகத்துக்கு நேரே குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். காணாமல் போன பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "அருமையான வேலை சார், கீழ்வரிசையில ஒரு சொத்தைப் பல்லுகூட விடாம வரைஞ்சிருக்காங்க, இன்னும் கொஞ்ச நேரம் பேச விட்டா நல்லா இருக்கும்" என்பது அவருடைய கருத்து. கேட்டதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

அடுத்த கருத்து என் மச்சினனுடையது. என்னைப் பார்க்க வந்தவன் சோபாவில் சாய்ந்தபடி ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு விடுதி ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை. எங்கள் தெருவில் தார் ரோடு போடுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டிக் கேட்டது அந்தக் குறட்டை. எழுப்பிக் கேட்டால், "அத்தான், பஸ் ஓட்டற வேலையை விட்டதுலேர்ந்து நான் இப்படி அசந்து தூங்கினதே இல்ல. ஒரு இடத்தைக்கூட மாத்தக் கூடாதுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க" என்கிறான். தூங்கியவனின் கருத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் கம்பெனியின் பாடு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் சம்சாரம் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. "நான் கொஞ்சம் பாக்கறேன்" என்று சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு, நிஜ ஸ்டூலை, அதில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். அவள் உள்ளே பார்ப்பது எனக்கு டிவியில் தெரிகிற மாதிரி பல் டாக்டர் இணைத்துக் கொடுத்திருந்தார். தீப்பெட்டி, பாத்திரம், மூடி, பூனை, அத்தனையையும் இவள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கேட்டாள். பூனைக்காக "பாவம்" என்று உச்சுக்கொட்டவும் செய்தாள். பிறகு எழுந்து போய் அந்த ஈரக் குடையை உதறி, மடித்து, ஆணியில் மாட்டினாள். சரி, கை சும்மா இருக்காது, பழக்க தோஷம் என்று விட்டேன். அடுத்து, அந்த அறையிலிருந்து பின்வாசல் வரைக்கும் போகிற ஈரக் காலடித் தடம் இருக்கிறதே, முழு விளையாட்டிலும் உருப்படியான ஒரே தடயம், மூலையில் இருந்த துடைப்பானை எடுத்துப் பளபளவென்று துடைத்துவிட்டாள். "ஐயோ, அது தடயம்மா" என்று நான் பதறுகிறேன். "ஈரமா கிடக்கு, யாராவது வழுக்கி விழுவாங்க. வீட்டுல ஒருத்தர் விழுந்தது போதாதா" என்கிறாள்.

அதோடு போயிற்று. உங்கள் விளையாட்டில் துடைத்தது துடைத்ததுதானாம், பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவும் வழி வைக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் "இங்கே பார்க்க ஒன்றும் இல்லை" என்று எழுத்து வருகிறது. அது எனக்கே தெரியும், எழுதி வேறு காட்ட வேண்டுமா? நான் நாலு வார்த்தை சத்தம் போட்டேன், யாருக்குத்தான் கோபம் வராது. இவள், "உங்களுக்கு விளையாடத் தெரியல. அந்தம்மா பேசறதையே கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, அவங்க கையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. என் சமையலைக் குறை சொன்னீங்க, என் தம்பியைக் குறை சொன்னீங்க, இப்ப மாப்பிள்ளை எழுதினதையும் விட்டு வைக்கலையா என்று பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். என் வீட்டு விஷயம் எனக்கு மாடியிலிருந்து வருகிறது.

ஆகவே மாப்பிள்ளை, என் கருத்தைக் கேளுங்கள். அந்த அம்மாளை வெட்ட வேண்டும். துப்பாக்கிச் சண்டையும் வேண்டாம், எனக்கு அதிலும் பிரியமில்லை. அந்தக் காபி ஃபிளாஸ்கில் தயாராக இருக்கட்டும், கேட்டால் பதில் சொல்லட்டும், மனுஷன் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பட்டும். தவிக்கிற ஒரு புருஷனைக் காக்க வைத்து வேடிக்கை பார்ப்பது என்ன நியாயம்? உங்கள் கம்பெனி என் கண் முன்னால் ஒரு கேள்வி வைத்திருக்கிறது, "விடுதிக்காரம்மா வரும் காட்சிகளை வெட்டலாமா" என்று. நாளைக்கு "ஆம்" என்பதை அழுத்தப் போகிறேன். அதற்காக நீங்கள் கோபித்துக்கொண்டு வேலையை விடுவதெல்லாம் கூடாது. என் மகள் கவலையில் இளைத்துப் போயிருக்கிறாள் என்று அவள் குரலிலேயே தெரிகிறது. எழுதினதை நாலு பேர் வெட்டத்தான் செய்வார்கள், அதைத் தாங்குகிற மனசும் வேண்டும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். உங்களுக்கும் என் செல்ல மகளுக்கும் எங்கள் பரிபூரண ஆசி. நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், எழுதுவதில் மட்டும் கொஞ்சம் வேகம் வேண்டும்.

இப்படிக்கு,
இடுப்பு வலியோடும் உண்மையோடும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: குறை சொல்லும்போது அதில் பிழை இருக்கக் கூடாது என்பதால், அந்த மூடி எந்தக் கையில் இருந்தது என்று சரிபார்க்க இன்று மத்தியானம் மறுபடி உள்ளே போனேன். விடுதிக்காரம்மா துடைத்த தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா துடைச்சீங்க?" என்றாள். இரண்டு பதில் மிதந்தன. பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் "ஆமாம்" என்பதைத் தொட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவ போன தடத்தை அழிச்சிருக்கீங்க, அப்ப உங்களை நம்பிச் சொல்லலாம். குடையை நான்தான் குழாயில நனைச்சுப் போட்டேன், வர்றவங்க அதைப் பாத்துக் குழம்பிக்கிட்டு நிக்கட்டும்னு. தீப்பெட்டியையும் நான்தான் நனைச்சேன். அந்தப் பொண்ணு பஸ் ஏறி தூரம் போகணும், அதுக்கு நேரம் வேணும். இங்க வந்த அன்னிக்கு அவளுக்கு ஒரு கண்ணைத் திறக்கவே முடியல. அடிச்சவன்தான் உங்களுக்கு ஃபோன் பண்றவன்" என்றாள்.

மாப்பிள்ளை, நான் மோசம் போய்விட்டேன். இத்தனை நாளும் அந்த மரியாதையான குரலுக்காகத்தான் நான் அவசரப்பட்டிருக்கிறேன். டிப்போவில் எத்தனை டிரைவர்கள் என்னென்ன சாக்குச் சொல்லியிருப்பார்கள், ஒருத்தரிடமும் நான் ஏமாந்தது கிடையாது. ஒரு பாத்திர மூடியை வைத்து இந்த அம்மாள் என்னை ஏமாற்றிவிட்டாள். பின்னால் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் மாமியார், "இப்பத்தான் புரிஞ்சுதா? மூடியைக் கையில வச்சுக்கிட்டே தேடினா, வேணும்னே நேரத்தைக் கடத்தறாங்கன்னுதானே அர்த்தம். பின்ன எதுக்குத் துடைச்சேன்னு நினைச்சீங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கம்பெனிக்கு "இல்லை" என்று அழுத்திவிட்டேன். அந்தப் பூனையின் வயிற்றில்கூட எவனும் கை வைக்கக் கூடாது என்று கீழே எழுதியும் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை உங்கள் மேனேஜர் கத்திரிக்கோலை எடுத்தால் நீங்கள் தாராளமாக வேலையை விட்டுவிட்டு வாருங்கள், என் மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இதை நான் எழுதுவதற்குச் சற்று முன்புதான் விடுதியில் ஃபோன் அடித்தது. அவன்தான். அவள் எந்த ஊர் வண்டியில் போனாள், வழியில் மடக்கிவிடலாம், சொல்லுங்க சார் என்றான். அவள் வடக்கே போகிற வண்டியில் ஏறியிருக்கிறாள், விடுதிக்காரம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். "வடக்கு" என்றும் மிதந்தது, "தெற்கு" என்றும் மிதந்தது. நான் தெற்கைத் தொட்டேன். அவன் நன்றி வேறு சொன்னான். இந்நேரம் தெற்கு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வருகிற வண்டியில் எல்லாம் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். நிற்கட்டும்.