மூச்சு விட முன் அனுமதி

ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒவ்வொரு கிளை அலுவலகமும் ஓர் இசைக்குழு நடத்த வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து கண்டிப்பான உத்தரவு வந்தது. தவறினால் ஒழுங்கு நடவடிக்கையாம். அன்றைக்குத்தான் எங்களுக்கு மன அழுத்தம் ஆரம்பித்தது.

எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு வாய்த்தது சாக்ஸபோன். நாலு அளவில் நாலு. பெரிய பதவிக்குப் பெரிய வாத்தியம் என்று, கட்டிப்பிடித்தால்கூடக் கைக்குள் அடங்காத ஒன்றை மேலாளர் எடுத்துக்கொண்டார். அடுத்தது தலைமை எழுத்தரான எனக்கு. அதற்கடுத்தது டைப்பிஸ்ட் அக்காவுக்கு. மிஞ்சிய குட்டி வாத்தியம் ஸ்டோர்காரருக்கு. நான் பள்ளிக்கூட பேண்டில் ஊதியவன். அந்தப் பாவத்துக்கு, பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை நாலு பேருக்கும் பிரித்து எழுதும் பணி என் தலையில் விழுந்தது.

நான் மறுக்கவில்லை. மனைவிக்கு வேறு ஊரில் வேலை. அவளோடு இருக்கும் எங்கள் சின்ன மகள் போனில் என்னை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "பாட்டு நல்லபடியா முடியட்டும், உங்க ஊருக்கு மாற்றல் போட்டுடலாம்" என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

விழுந்து விழுந்து எழுதினேன். மெட்டு முழுக்க ஸ்டோர்காரருக்கு, நாங்கள் மூவரும் பின்னால் துணைக்கு. வழக்கமாக எங்கள் அலுவலகம் நடப்பதும் அப்படித்தான். மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, அடிக்கு அடி கமா?"

"மூச்சு விடற இடம் சார்."

"வேலை நேரத்துலயா?"

"விடலைன்னா ஊத முடியாது சார்."

"யாரு அனுமதி கொடுத்தது?"

"இதுவரைக்கும் அவங்கவங்களே விட்டுக்கிட்டாங்க சார்."

"அதான் ஆபீஸ் இந்த லட்சணத்துல இருக்கு! நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சு விடப் போயிட்டா சீட்ல யாரு இருப்பா? பணி மூப்புப்படி போடுங்க."

போட்டேன். பாட்டு நாலே அடி. முதல் அடி முடிவில் மேலாளர் மூச்சு விடுவார், இரண்டாவதில் நான், மூன்றாவதில் அக்கா. ஸ்டோர்காரரின் முறை வரும்போது பாட்டே முடிந்துவிடும்.

"அண்ணே, அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்று கேட்டார் அவர்.

"ஊதணும்."

"நடுவுல உசிரு போயிட்டா?"

"வாரிசுக்கு வேலை கிடைக்கும்."

அவர் பையன் வீட்டில் சும்மாதான் இருந்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிண்ணே" என்றார்.

விழா நாளில் முன்வரிசையில் தலைமையகத்து இயக்குநர். முதல் அடி முடிந்ததும் மேலாளர் காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார். என் முறைக்கு நானும் இழுத்துக்கொண்டேன். மூன்றாவது அடியில் ஸ்டோர்காரர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கடைசி சுரத்தை நீட்டியபடியே மனுஷன் நாற்காலியிலிருந்து நழுவி, வாத்தியமும் வாயுமாக மேடையில் படுத்துவிட்டார். சுரம் மட்டும் பிசிறில்லாமல் முடிந்தது.

"அடடா, என்ன உருக்கம்!" என்று அரங்கமே கண்ணைத் துடைத்தது.

தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் என்னைத்தான் தேடினார்.

"அண்ணே, இப்ப விடலாமா?"

நான் மேலாளரைப் பார்த்தேன். மேலாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பெரிய மனது பண்ணித் தலையசைத்தார். அதற்கப்புறம்தான் விட்டார்.

"மூச்சு விடாமலே ஒருத்தர் வேலை பாக்கலாம்னா, இத்தனை நாளா எவ்வளவு வீணடிச்சிருக்கோம்! யாரு ஏற்பாடு இது?" என்றார் இயக்குநர். மேலாளர் என்னை முன்னால் தள்ளினார். பழி வருமோ என்று பயந்திருப்பார், பாவம்.

மாற்றல் உத்தரவு வந்தது. மனைவியின் ஊருக்கு இல்லை. அதைவிட இரண்டு மடங்கு தூரத்திலுள்ள தலைமையகத்துக்கு. பதவியின் பெயர், மூச்சு ஒழுங்குமுறை அலுவலர். இனி எல்லாக் கிளைகளின் மூச்சும் என் மேசை வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"அப்போ நீங்க எப்பத்தாங்க வருவீங்க?" என்று போனில் மனைவி கேட்டாள். பின்னாலிருந்து சின்னவள், "யாரும்மா, மாமாவா?" என்றாள்.

பெருமூச்சு ஒன்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அதற்கு அனுமதி தர வேண்டிய அதிகாரி நானேதான். ஆனால் விண்ணப்பம் இன்னும் முறைப்படி வந்து சேரவில்லையே?