கல் முட்டுக் கொடுத்த கதவு

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியை அழைத்து வர, ஸ்டோர்கீப்பருக்கு மூன்று நாள் லீவு வேண்டியிருந்தது. போய்ப் பத்து நாளாகிவிட்டது. சங்கதியைக் காதும் காதும் வைத்தாற்போல் மேலாளரிடம் சொல்லலாம் என்று பார்த்தால், மேலாளர் அறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாதபடி கீழே ஒரு கருங்கல் வேறு. எதிரே ஆறு மேஜைகள், ஆறு ஜோடிக் காதுகள்.

அட்டைப் பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் போன மாதம் வரை அந்தக் கதவு மூடியேதான் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் உள்ளேயிருந்து டம் டம்மென்று சத்தம். நடுநடுவே கத்தலும் கேட்டது. கதவு கனமானது, வார்த்தை புரியவில்லை. மேலாளர் மேஜையைக் குத்துகிறார் என்று ஆபீஸே வெலவெலத்துப் போயிற்று.

"யாரும் கிட்ட போகாதீங்க. கோபம் தானா தணியட்டும்" என்று எல்லாரையும் தடுத்த புண்ணியவான் நம் ஸ்டோர்கீப்பர்தான். மணி அடித்ததும் ஆளாளுக்குப் பூனை மாதிரி நழுவினார்கள்.

மறுநாள் காலையில் கல் வந்துவிட்டது. இனிமேல் என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், யாரும் எதையும் வந்து பேசலாம் என்று மேலாளர் அறிவித்தார். மனுஷர் திருந்திவிட்டார் என்றாள் டைப்பிஸ்ட். அவள் மேஜைக்கு வெளிச்சம் வந்திருந்தது. வேவு பார்க்கிறார் என்றார் பில் போடுபவர். அவருக்கு மத்தியானத் தூக்கம் போயிருந்தது.

ஸ்டோர்கீப்பர் உள்ளே போய்க் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு சொந்த விஷயம்" என்றார்.

"சத்தமாவே சொல்லுங்க. இங்க என்ன ஒளிவுமறைவு?"

வெளியே டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. மானம் கப்பலேறிவிடுமே என்று பயந்த ஸ்டோர்கீப்பர் வாயில் வந்ததைச் சொன்னார். பல்வலி.

அவ்வளவுதான். பில் போடுபவரின் மைத்துனர் பல் டாக்டராம். மேலாளர் தன் காரையே கொடுத்தார். பில் போடுபவர் கூடவே போய், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டபோது ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டியதாயிற்று. லீவும் கிடைக்கவில்லை, நல்ல பல் ஒன்று போனதுதான் மிச்சம்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு ஒரு முடிவுக்கு வந்தார். நேரே அறைக்குப் போய், கல்லைக் காலால் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தினார். மேலாளர் நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்தார். அதற்குள் பூட்டு 'டக்' என்றது.

"கல்லை ஏன் எடுத்தீங்க?" மேலாளரின் முகம் வெளுத்துவிட்டது.

இவ்வளவு கோபமா என்று நினைத்தார் ஸ்டோர்கீப்பர். இனிப் பின்வாங்க முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் இல்லாத வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை என்பதையும் சொன்னார்.

மேலாளர் கதவையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா ஒரு போன்கூடப் பண்ணலையா?"

"கோபம் தணியட்டும்னு விட்டுட்டேன் சார்."

"அவங்க காத்துக்கிட்டு இருக்காங்கய்யா. எனக்குத் தெரியும்." மேலாளர் பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம் எடுத்துக்கங்க. ஆனா இப்ப நீங்க வெளிய போக முடியாது."

ஸ்டோர்கீப்பர் கைப்பிடியைத் திருகினார். அது பம்பரமாகச் சுற்றியதே தவிர, கதவு அசையவில்லை. செல்போனை வாசலிலேயே வைத்துவிட வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். தானும் அதை மீறமாட்டார். இரண்டு பேரும் கதவைக் குத்தினார்கள், கத்தினார்கள், கை வலித்து உட்கார்ந்தார்கள், மறுபடி குத்தினார்கள். ஒருவரும் வரவில்லை. வெளியே மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

இருட்டும் நேரத்தில் கதவு வெளியிலிருந்து திறந்தது. பெருக்க வரும் அம்மா துடைப்பத்தோடு நின்றாள். போகும்போது அவளிடம் டைப்பிஸ்ட் எச்சரித்துவிட்டுப் போனாளாம், உள்ளே ஸ்டோர்கீப்பருக்குச் சரியான திட்டு விழுகிறது, கிட்டே போகாதே என்று.

"பூட்டை மாத்துங்கன்னு அன்னைக்கே சொன்னேனே ஐயா. ஆபீசுக்குத் தெரிஞ்சா கேவலம்னுட்டீங்க."

மேலாளர் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் அதைக் கவனிக்காமல் பெருக்க ஆரம்பித்தாள்.

"போன மாசம்தான் பாவம், மத்தியானம் பூரா ஒண்டியா தட்டிக்கிட்டே கெடந்தீங்க. இன்னைக்குத் துணைக்கு ஒரு ஆளாவது இருந்தாரு."