எக்கோ போடாத காக்கா

அசல்பித்தர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். நல்ல பாட்டு ஒன்றுக்கு நீங்கள் தலையாட்டும்போது பக்கத்தில் ஒருவர் மூக்கைச் சுருக்குவார். "நன்னா இருக்கு. ரொம்ப நன்னா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு" என்பார். அவரேதான்.

மல்லேஸ்வரம் வைத்தீஸ்வரன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். சினிமாப் பாட்டு செயற்கை, மைக் வைப்பதால் கச்சேரி செயற்கை, தலை வாரிக்கொண்டு பாடுகிறார்கள் என்பதால் டி.வி.யில் வரும் கிராமியப் பாட்டும் செயற்கை; சி.டி. வந்து கேசட்டின் கரகரப்பு போனபோது ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பின் எதுதான் அசல்? பாட்டுக்குப் பின்னால் காக்கா கத்த வேண்டும். கத்தினால்தான் அது நிஜமான இடத்தில், நிஜமான வெயிலில் பிறந்த பாட்டு.

தொண்ணூற்றேழில் அவருக்கு மௌரீன் கிடைத்தாள். லிங்கராஜபுரத்துப் பெண். பேக்கரியில் வேலை, ஞாயிறு சர்ச்சில் பாட்டு. சிவாஜிநகர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் பாடகிக்கு இடம் காலி. சனிக்கிழமைக்குள் கேசட் கொடுத்தால் கேட்டுப் பார்ப்பார்கள். அவளிடம் குரல் இருந்தது. அவரிடம் ஜப்பான் ரெக்கார்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக் கொல்லைக்கே அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சார், எக்கோ வைப்பீங்கல்ல?"

"எக்கோவா! அம்மா தாயே, அந்தத் துவைக்கிற கல்லுல உக்காரு. காக்கா கத்தினதும் ஆரம்பி."

தினமும் காது கிழியக் கத்தும் காக்கைகள் அன்று வாயைத் திறக்கவில்லை. மதில்மேல் சோறு வைத்தார். வந்தன. தின்றன. ஒரு வார்த்தை பேசாமல் பறந்தன. மிக்சர் இறைத்தார். அணில் வந்தது. வேறு வழியின்றி அவரே "கா, கா" என்று கூப்பிட, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மௌரீன் கல்லைவிட்டு எழுந்தாள். "நாளைக்குக் கேசட் குடுக்கணும் சார். காக்காதானே? நானே கத்துறேன். எனக்குக் குடுக்கற காப்பியில மட்டும் எக்கோ போட்டுருங்க."

வைத்தீஸ்வரன் நாலு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு கத்து. கிட்டக்க கத்தினா செயற்கையா இருக்கும்."

வரிக்கு வரி நடுவே மதில் பக்கம் ஓடிக் கத்திவிட்டு, ஓடிவந்து பாடினாள். சாயங்காலம் ஒரு கேசட் கடையில் அவளுடைய காப்பிக்கு எக்கோ ஏறியது. வைத்தீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை, எக்கோ ஏறாத கேசட்டை நண்பர் சுந்தரேசன் கண்ணை மூடிக் கேட்டார். "பாட்டு பரவால்லே வைத்தி, ஆனா ப்ராக்டீஸ் பண்ணின பாட்டு. அந்தக் காக்கா இருக்கே! பொய்யே தெரியாத குரல் ஓய்!"

கத்தியது யார் என்று வைத்தீஸ்வரனுக்குத் தெரியும். இருந்தும் கண் கலங்கியது.

ஆர்க்கெஸ்ட்ராக்காரர் எக்கோ ஏறிய காப்பியைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பாட்டு ஓகே. காக்கா யாரும்மா?"

"நான்தான் சார்."

"நாலு பாட்டு உனக்கு. இன்டர்வெல்ல காக்கா."

சிவாஜிநகரில் முதல் மேடை. எக்கோ அலையலையாய்ப் புரள மௌரீன் பாடினாள், விசில் பறந்தது. காக்காவாய்க் கத்தினாள், கூட்டம் நாற்காலிமேல் ஏறியது. முன் வரிசையில் ஒரே ஒரு மூக்கு மட்டும் சுருங்கியது.

"கெடுத்துட்டா சுந்தரேசா," என்றார் வைத்தீஸ்வரன். "எக்கோ போட்டு அந்த அசல் காக்காவையே கெடுத்துட்டா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, 'இந்த மௌரீன் நிஜமாகவே இருந்தாளா, இதெல்லாம் நடந்ததுதானா' என்று உங்கள் மூக்கும் லேசாகச் சுருங்கியதே?

முன் வரிசையில், வைத்தீஸ்வரனுக்கு இந்தப் பக்கம், ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.