என் மகள் வாங்கி விற்கும் கம்பெனிகள்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் தனியாக ஒரு முடிவில் இருக்கிறது. அங்கு நீயும், உன் மனைவியும், வேலையை இன்னும் விடாமலிருக்கும் உன் மகனும் நலமா?

உன் கடிதம் கிடைத்தது. கால்நடை மருத்துவராக நிரந்தர வேலையில் இருக்கும் பிள்ளை, பங்குச் சந்தைப் படம் ஒன்றை மூன்று முறை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்து, என் மகளைப் போல முதலீட்டு நிறுவனத்தில் சேரப்போவதாகச் சொல்கிறான் என்றும், இந்தப் பைத்தியத்தைத் தெளியவைக்க நான்தான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். பைத்தியம் பிடிக்கவைத்ததும் நான்தான் என்பதை நாகரிகம் கருதி நீ எழுதவில்லை. நானே ஒப்புக்கொள்கிறேன். 'என் மகள் கம்பெனிகளை வாங்கி விற்கிறாள்' என்று நான்கு வருடமாக, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவந்தவன் நான். என் கற்பனையில் அவள் முப்பதாவது மாடிக் கண்ணாடி அறையில் நின்று, இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, 'வித்துடு, உடனே வித்துடு' என்று கத்திக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனதால், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பாக்கியம் கிடைத்தது. கட்டடம் முப்பது மாடிதான். அவள் இருப்பது மூன்றாவதில். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், லிஃப்ட் உயர்தரமானது. அதிலிருந்து இறங்குகிறவர்கள்தான் படத்தில் வருகிறவர்களைப் போல இல்லை. படத்தில் கதவு திறந்ததும் கோட்டு பறக்க நடப்பார்கள். இங்கே சார்ஜர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு, எந்த அறை காலி என்று எட்டிப் பார்த்தபடி நடக்கிறார்கள். உள்ளே நாற்பது பேர். பரீட்சைக் கூடத்தில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. யாரும் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. என் மகளின் இடம் பிரிண்டருக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவே. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவதற்கான நூற்றுப்பத்துப் பக்க அறிக்கையில், வரைபடங்களின் நீலம், வாங்குகிற கம்பெனியின் சின்னத்தில் இருக்கும் நீலம் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டதால், பக்கம் பக்கமாக நீலத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். "இதுக்காம்மா ரெண்டு பட்டம் படிச்ச?" என்றேன். "ஒண்ணு நீலத்துக்கு, இன்னொண்ணு கோடு நேரா இருக்கான்னு பாக்கறதுக்குப்பா" என்றாள், நிமிராமல்.

நான் கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான், கண்ணாடி வந்து சேர்ந்த புண்ணியத்தில், பதினான்காம் பக்கத்தில் ஆறு ஆலைகள் என்றும் அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஏழு ஆலைகள் என்றும் இருப்பது அவள் கண்ணில் பட்டது. மேலாளர் வந்து பார்த்தார். நாளைக்குக் கையெழுத்து, விற்கிறவர்களே ஏழு என்றுதான் சொல்கிறார்கள், எல்லா இடத்திலும் ஏழு போட்டுவிடலாம் என்றார். இவள், "ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டுப் போடறேன் சார்" என்று சொல்லி, ஆலை ஆலையாகப் போன் போட ஆரம்பித்தாள். ஆறு ஆலைகளில் உடனே எடுத்துப் பேசினார்கள். ஏழாவதில் வெகுநேரம் மணி அடித்து, வாசலில் இருந்த காவல்காரர் எடுத்தார். "ஆலை மூடி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. மிஷினெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க. நான் இந்தப் பூட்டுக்குத்தான் காவல்" என்றார்.

மேலாளர் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கையெழுத்து நின்றுபோனது. யாரும் கைதட்டவில்லை, பின்னணி இசை எதுவும் எழவில்லை. என் மகள் ஏழு என்பதை அடித்து ஆறு என்று போட்டுவிட்டு நீலத்துக்குத் திரும்பினாள். தம்பி, ஒரு கம்பி நைந்திருக்கிறது என்று லிஃப்டை நிறுத்திவிட்டு, இருபது மாடி ஏறியவர்களிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் திட்டுக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது என்று வழி நெடுக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வீடு வந்தேன். முழங்காலும் ஒத்துழைத்தது.

ஆகவே உன் மகனிடம் கண்டிப்பாகச் சொல். இந்த வேலையில் கோட்டு பறக்காது. பிரசவ வேதனையில் இருக்கும் பசு நீலத்தை மாற்றச் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பாது. அவன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

வீட்டில் அனைவருக்கும் அவரவர் வயதுக்குத் தக்கபடி என் வணக்கத்தையும் ஆசியையும் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: தபால் வர நாளாகும் என்பதால், நேற்று ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை உன் மகனுக்குப் போனில் படித்துக்காட்டினேன். நீலம் வரைக்கும், "சரி பெரியப்பா, எனக்கு வேணாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். காவல்காரர் பேசும் இடத்தைக் கொஞ்சம் உணர்ச்சியோடு இரண்டு முறை படித்தது என் பிழை. "மிச்ச ஆறு ஆலையையாவது யாராச்சும் நேர்ல போய்ப் பாத்தாங்களா? போன்ல கேட்டு நான் ஒரு மாட்டக்கூட நம்ப மாட்டேன்" என்றான். பக்கத்தில் இருந்த என் மகள், "இவன முதல்ல கிளம்பி வரச் சொல்லுங்கப்பா" என்றாள். இன்று காலை ராஜினாமா கொடுத்துவிட்டானாம். புதன்கிழமை இங்கே வருகிறான். நீ கோபமாகப் போன் செய்வதானால், இந்த வாரம் முழுக்க உன் அண்ணிதான் எடுப்பாள்.