கிரைண்டருக்கு வந்த சொசைட்டி கரண்ட்

சாங்வி, புனே
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி சுப்ரமணியனுக்கு அத்திம்பேர் மகாதேவன் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

வியாழக்கிழமையானால் இங்கே கரண்ட் இருக்காது என்பது உனக்கே தெரியும். கரண்ட்காரனை நம்பாதீர்கள், நீங்களே சேர்ந்து தயாரித்துக்கொள்ளுங்கள் என்று பொங்கலுக்கு வந்த நீ எங்கள் கட்டடத்துச் சொசைட்டிக்காரர்களை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தாய். ஜெனரேட்டர் வந்திறங்கி, தேங்காய் உடைத்து, வீட்டுக்கு வீடு ஹாலில் ஒரு தனி பிளக் பாயிண்ட் வைத்த பிறகு ஹாயாக ரயிலேறிவிட்டாய். மாட்டிக்கொண்டவன் செக்ரட்டரியான நான். ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது என்று லிஃப்டில் எழுதி ஒட்டினேன். எவன் படித்தான்?

நேற்று ஜெனரேட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்க விளக்கு எரிகிறது! எங்கள் கரண்ட் எந்த வழியாகவோ தெரு லைனில் புகுந்துவிட்டது. சர்க்கார் கரண்ட் வந்துவிட்டதென்று எதிர்வீட்டில் மோட்டார் போடுகிறார்கள், மூலை மில்லில் கோதுமை அரைக்கிறார்கள், எங்கள் ஜெனரேட்டர் முக்கி முனகிப் புகை கக்கி நின்றது. கம்பத்தில் ஏறப்போன லைன்மேன் ஓடிவந்து, "அரே சாப், மார் டாலோகே க்யா?" என்று கத்தினான். கொல்லப் பார்க்கிறீர்களா என்கிறான். மாதக் கடைசிக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் கட்டடத்துக்கே கரண்டை வெட்டுவேன் என்று அவன் ஆபீஸர் சொல்லிவிட்டார்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மாடிவீட்டு பாலச்சந்திரன்தான். ரேடியோ ரிப்பேர் என்று எந்நேரமும் ஒயரும் கையுமாக அலைகிற மனுஷர். "சார், சத்தியமா நான் எதையும் தொடல சார்" என்று அழாத குறை. நான் விடுவேனா? பத்துப் பேர் பார்க்க அவர் வீட்டு ஜெனரேட்டர் லைனைப் பிடுங்கி எறிந்தேன். மின்துறை இன்ஜினீயர் என்ற முறையில் நீ வந்து, ஆபீஸரிடம் அவர் குற்றத்தை விளக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உன் வீட்டு விளக்குகளுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
எரிச்சலுடன்,
மகாதேவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கிரைண்டருக்குப் பின்னால் இரண்டு முனையிலும் பிளக் வைத்த நீள ஒயர் ஒன்று. "வியாழக்கிழமை அரைக்கலேன்னா வெள்ளிக்கிழமை இட்லி எங்கேர்ந்து வரும்? கிரைண்டரைத் தூக்கிண்டு ஹாலுக்கா போக முடியும்? அதான் ஹால் கரண்டை இந்த ஒயராலே இங்கே சுவத்துப் பாயிண்ட்டுக்குக் கொண்டுவந்தேன். மெயினை அணைச்சுட்டு மாட்டணும், இல்லேன்னா கரண்ட் தெருவுக்குப் போயிடும்னு சொல்லித்தான் குடுத்தான், நேத்திக்கு மறந்துட்டேன்" என்கிறாள் உன் அக்கா சரசா. யார் கொடுத்தது என்றேன். தம்பியாம்.

நீ வர வேண்டாம். பாலச்சந்திரன் வீட்டு லைனைத் திரும்ப மாட்டப் போகிறேன், அதுவும் பத்துப் பேர் பார்க்க. எந்த ஒயர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும்.