கட்டிலோரத்தில் நடந்த கார் விபத்து

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கார் விபத்து ஏற்படுத்தியிருக்கிறேன். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போய், சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவனை இடித்தேன். அப்போது நான் பொம்மிடியில் எங்கள் வூட்டு உள்ரூமில், பனியனும் லுங்கியுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். (சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.)

கம்ப்யூட்டரில் 'ஸ்டாக் கார்' என்கிற வகைக் கார் ரேஸ் ஓட்டுவது என்றால் ஏதோ கேம் என்று நினைப்பீர்கள். மேசையில் பிடித்துச் சுழற்ற ஸ்டியரிங் உண்டு, காலுக்குக் கீழே பெடல் உண்டு, நிஜக் கார் எப்படி வழுக்குமோ அப்படியே வழுக்கும். நாற்பது பேர் நாற்பது ஊரில் உட்கார்ந்து ஒரே டிராக்கில் ஓட்டுவோம். டிராக் முட்டை வடிவம். இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நூறு சுற்று. சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த சாம்பியன்ஷிப்புக்கான கடைசித் தகுதிப் போட்டி வரை வந்துவிட்டேன். முதல் பத்துக்குள் வந்தால் எனக்கும் அதில் இடம். வராவிட்டால் திங்கட்கிழமை காலை மாமாவோடு ஓசூருக்குப் போய், அவர் சொல்லிவைத்த கம்பெனியில் இன்டர்வியூ. இது அப்பா போட்ட கண்டிஷன்.

அப்பா சொந்த லாரி ஓட்டுகிறவர். புளி, மாங்காய், மரவள்ளிக்கிழங்கு என்று முப்பது வருசமாக லோடு அடிக்கிறார். ஒருநாள் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"லோடு எங்கடா எறக்கணும்?"

"லோடெல்லாம் இல்லீங்கப்பா."

"எந்த ஊருக்குத்தான் போவுது?"

"எந்த ஊருக்கும் போவாதுங்க. சுத்திச் சுத்தி இங்கயேதான் வரும்."

"லோடும் இல்ல, ஊரும் இல்ல. அப்பறம் எதுக்குடா இந்த ஓட்டம்?"

அன்றிலிருந்து அதற்கு அவர் வைத்த பேர் 'பொம்ம வண்டி'. நானும் சும்மா இருந்தேனா? "உங்க லாரி அறுபதுல போறதுக்கே முக்குதுங்க. நான் முன்னூறுல போறவன்" என்றேன். பெற்ற அப்பாவிடம், அவர் வாங்கிப்போட்ட கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை இரண்டு அறை விடத் தோன்றுகிறது.

போட்டி ஞாயிறு மதியம். அப்பா விடியற்காலையிலேயே எங்கோ கிளம்பிப் போயிருந்தார். லோடு ஏற்றப் போயிருப்பார், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். ஹாலில் டி.வி.யில் நேரலையைப் போட்டுவிட்டு அம்மாவையும் மாமாவையும் உட்காரவைத்தேன். வரிசையைத் தீர்மானிக்கும் சுற்று முடிந்தது. எட்டாவது இடத்தில் தொடங்கலாம் என்றார்கள். ரேஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எழுந்துபோய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அம்மா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குள் அப்பாவும் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெரிய முட்டை டிராக்கில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். பெட்ரோல் போட, டிராக்கை ஒட்டியிருக்கும் 'பிட்' என்ற இடத்துக்குள் நுழையும்போதுதான் பிரேக்கை மிதிப்போம். அங்கே ஆட்டோ வேகத்தில்தான் போகவேண்டும்.

ரேஸ் தொடங்கியது. எட்டிலிருந்து ஏழு. ஏழிலிருந்து ஆறு. வர்ணனை செய்த வெள்ளைக்காரர் என் பேரைச் சொல்லிக் கத்தினார். அப்போதுதான் ஹாலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"எடம் குடுக்காதடா! ஏறிப் போ! ஏறிப் போ!"

அடேயப்பா! இரண்டு வருசத்தில் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அந்தச் சந்தோஷத்திலேயே ஐம்பதாவது சுற்றில் பெட்ரோல் போடப் பிட்டுக்குள் திரும்பினேன். பிரேக்கை மிதித்தேன்.

இறங்கவில்லை. கல்லாட்டம் நின்றது. இன்னொரு மிதி. ம்ஹூம். முன்னால் முதலிடத்துக்காரன் பெட்ரோல் போட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்கிறான். "தள்ளு! தள்ளுடா டேய்!" என்று கத்தினேன். (அவன் பிரேசில்காரன்.) உயிரைக் கொடுத்து மூன்றாவது மிதி மிதித்தேன். பெடலுக்கு அடியில் ஏதோ பொதக்கென்று வெடித்து என் காலெல்லாம் ஈரமானது. அதற்குள் அவன் காரும் என் காரும் சேர்ந்தே வானத்துக்குப் போயிருந்தன. வர்ணனையாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். பிரேக் பெடலுக்குப் பின்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நசுங்கிக் கிடந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். "எந்த முட்டாப்பய வேல இது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். மாமா ஃபேனைப் பார்த்தார்.

"நான்தாம்பா வெச்சேன்" என்றார் அப்பா. "காலையில தீர்த்தமலைக்குப் போயி, சாமி பாதத்துல வெச்சு எடுத்தாந்தேன். வண்டின்னா சக்கரத்துக்கு அடியில வெக்கணும். இதுக்குத்தான் சக்கரமே இல்லியே. அதான்..."

"அதுக்குன்னு பிரேக்குலயாப்பா?"

"யாரா இருந்தாலும் வண்டிய எடுக்கறதுக்கு முன்ன பிரேக்க ஒரு மிதி மிதிச்சுப் பாப்பான். மிதிச்சா அப்பவே தெரிஞ்சிருக்கும். நீ மிதிக்கலையா?"

முன்னூறில் போகிற நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயந்திரம் போட்டிக்காரர்கள் ஒரு சீசன் தடை விதித்து, விளக்கமும் கேட்டு மெயில் போட்டார்கள். உள்ளதை உள்ளபடி எழுதி, பழத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு சீசன் தடை இரண்டு சீசன் ஆனது.

திங்கட்கிழமை ஓசூர் பஸ்ஸில் மாமா பக்கத்தில் பிணம்போல உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பொம்மைக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை. வண்டிக்குத்தான் வைப்பார்கள். எனக்காக மலையேறி இறங்கிய மனிதரைத்தான் நான் முட்டாப்பய என்றிருக்கிறேன். என்னையறியாமல் குமட்டுவதுபோல் விம்மல் வந்தது. மாமா பதறிப்போய்ப் பையைத் துழாவினார்.

"வாந்தி வருதா மாப்ள? இந்தா, இத மோந்து பாரு."

அவர் கையில் இருந்ததும் எலுமிச்சம்பழம்.

வேலை கிடைத்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். சாம்பியன்ஷிப்பை மற்றவர்கள் ஓட்டுவதை டி.வி.யில் பார்ப்பதோடு சரி. சொந்தக்காரர்கள் வூட்டில் கேஸ் தீர்ந்தாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், எவனாவது பரீட்சையில் கோட்டை விட்டாலும், கேட்பது ஒரே கேள்விதான்: "பிரேக்க மிதிச்சுப் பாத்தியா?"

என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கி எழுந்து நின்றேன். கெட்டிமேளம் முழங்குகிறது. மாமா காதோரம் குனிந்தார். "மாப்ள, பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டியா?"

பயத்தில் என் வலது கால் தானாக மணப்பலகையை ஓர் அழுத்து அழுத்தியது. யாரும் கவனிக்கவில்லை, அப்பாவைத் தவிர. கையிலிருந்த அட்சதையைப் போட மறந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.